சொத்தைக் கடலை

அணில் முதுகில் இன்னும் கோடு விழாத காலத்தில், ஒரு காட்டில் எல்லா உயிர்களும் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு மளிகைக் கடை வைத்திருந்தனவாம். கடையைப் பார்த்துக்கொண்டது ஓர் ஆமை.

பங்குக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாசலில் கால் வைக்கும்போதே, “என் கடையில் என்ன இவ்வளவு தூசி?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும்.

ஒருநாள் அக்கரையில் நரி ஒரு கடை திறந்தது. அங்கே எல்லாம் பளபளப்பு, எல்லாம் மலிவு. மூன்று நாளாக இங்கே ஓர் ஈ கூட வரவில்லை. இத்தனைக்கும் ஈக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாளையோடு கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று ஆமை பெருமூச்சு விட்டது.

சாயங்காலம் காகம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

“ஆமையக்கா, அந்த நரியெல்லாம் ஒரு ஆளா? கடலை சொத்தைன்னு சொன்னேன். ‘பிடிக்கலைன்னா போய்க்கிட்டே இரு’ங்கிறான்! திட்டலாம்னு வாயைத் திறந்தா, ‘நீ யாரு’ன்னு கேக்கிறான்!”

“அடப்பாவமே. நம்ம கடலையைத் தின்னு பாரு.”

காகம் ஒவ்வொன்றாகக் கொத்திப் பார்த்தது. அதன் முகம் தொங்கிப்போனது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்று முனகியது.

ஆமை மூட்டையின் அடிவரை துழாவி, ஒரு சொத்தையைத் தேடி எடுத்து நீட்டியது.

“என்னக்கா இது! என் கடையில இப்படியா?”

காகம் சிறகை விரித்துக்கொண்டு ஒரு நாழிகை திட்டித் தீர்த்தது. நாளைக்கு எல்லாரையும் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுத் தெம்பாகப் பறந்தது.

ஆமை இன்னும் நாலு சொத்தைக் கடலையைத் தேடிப் பிடித்து, மூட்டையின் மேலாக வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தது.