சொந்தத் தோட்டத்துச் சங்குப்பூ

“காலையில தாம்பாளம் நிறையப் பரப்பினேன். சாயங்காலம் பார்த்தா ஒரு பிடிதான் இருக்கு. மிச்சம் எங்கடா போச்சு? உங்கம்மாவைக் கேளு!”

லிஃப்ட் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார் அனந்தராமன் சார். கையில் தாம்பாளம். அதில் அங்கங்கே சுருண்டு கிடந்தன சங்குப்பூக்கள்.

“எங்கம்மா எதுக்கு சார் எடுக்கணும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். தினமும் நான் மாடியிலேர்ந்து எறங்கினதும் உங்கம்மா ஏறறா. படிக்கட்டுல ஒளிஞ்சுண்டு நிக்கறதை என் கண்ணால பார்த்திருக்கேன். துணி காயப் போடறவளுக்கு எதுக்குடா ஒளிவு மறைவு?”

சார் வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் மந்தைவெளி அபார்ட்மென்ட்டில் அவருடைய சங்குப்பூ டீக்குத் தப்பியவர்கள் யாருமில்லை. தானே வளர்த்து, தானே பறித்து, ஹால் ஃபேனுக்கு அடியில் காய வைத்து, பாட்டிலில் அடைத்து, ‘சொந்தத் தோட்டம், சுத்த ஆர்கானிக்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வீடு வீடாகக் கொடுப்பார். வெந்நீரில் போட்டால் நீலமாகும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். ருசி மட்டும் எதுவும் ஆகாது.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக மொட்டை மாடி வெயிலில் வைத்தாராம். முதல் நாளே திருட்டாம்.

அடுத்த நிமிஷம் அபார்ட்மென்ட் குரூப்பில் மெசேஜ்: “மாடியில் திருட்டு. வாடகைக்கு இருப்பவர்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.” கட்டைவிரல்கள் வரிசையாக எழும்பின. வாடகைக்கு இருப்பது நாங்கள் மட்டும்தான்.

செயலாளர் நீரஜா மேடம் தீர்ப்பே எழுதிவிட்டார். “கேமராவைப் பார்த்துடுவோம். நிஜம்னா ஜெயபாரதி வீட்டைக் காலி பண்ணட்டும்.”

ஜெயபாரதி என் அம்மா. மாடிக் கேமராவைப் போனில் இணைத்துக் கொடுத்தவன் நான்; பாஸ்வேர்டு தெரிந்தது எனக்கு மட்டும். ஆக, திருடியின் மகனையே சாட்சி எடுக்க அனுப்பினார்கள். அவ்வளவு விவரமானவர்கள்.

“நான் கீழ எறங்கினதுக்கு அப்புறம் மட்டும் பார்த்தாப் போதும், செழியா. கட் பண்ணி குரூப்ல போடு” என்றார் சார்.

பெரியவர்கள் ‘மட்டும்’ என்றால் எனக்குக் கை அரிக்கும். விடியற்காலையிலிருந்தே ஓட்டினேன்.

சார் இறங்கிய பிறகு தாம்பாளத்துப் பக்கம் ஒரு காக்காகூட வரவில்லை. அம்மா வந்தாள், துணியை உதறினாள், கிளிப் போட்டாள், போனாள். மற்ற நேரமெல்லாம் வெயில்தான். ஃபேன் காற்றில் நாலைந்து நாளில் மெல்லச் சுருங்கும் பூ, வெயிலில் ஒரே பகலில் சுருங்கிவிடும். மேனேஜருக்கு இதை யாரும் சர்க்குலர் அனுப்பிச் சொல்லவில்லை போலிருக்கிறது.

சார் இறங்குவதற்கு முன்னால் நடந்ததுதான் விசேஷம்.

அவருடைய தொட்டியில் பூத்திருந்தது இரண்டே பூ. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீர் டேங்க் குழாய்க்குப் போனார். அங்கே படர்ந்திருப்பது அம்மா வளர்க்கும் கொடி. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மஞ்சள் பையை விரித்து மொட்டுகூட மிச்சமில்லாமல் உருவினார்.

மாடிக் கதவோரம் வாளியோடு அம்மா. எட்டிப் பார்த்தாள். சட்டென்று பின்வாங்கிவிட்டாள்.

போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

“இந்த ஆள் நம்ம பூவைப் பறிக்கிறது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தனை நாளா?”

“கொடி பூக்க ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“அப்புறம் நீ ஏம்மா ஒளிஞ்சு நிக்கிற? திருடுறது அவரு!”

“பறிக்கிறப்ப நான் போய் நின்னா மனுஷன் கூசிப்போயிடுவாருடா. வாளியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் நின்னா எனக்கு என்ன குறைஞ்சு போகுது?”

“வீடே போகப் போகுது!”

“வேற வீடு பார்த்துக்கலாம். அவரு இதே ஜனங்க மூஞ்சியில தினம் முழிக்கணும். கேமரா ரிப்பேர்னு சொல்லிட்டு அதை அழிச்சிடு.”

போன் கத்தியது. சார்தான். “கிளிப் எங்கே? அம்மாவைக் காப்பாத்தப் பார்க்கறியா?”

அம்மா அரிசி களையப் போய்விட்டாள். அவளுக்கு மனசு பெரிசு. அந்த விஷயத்தில் நான் அம்மா பிள்ளை இல்லை.

“அழிச்சிட்டியாடா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அதற்குள் குரூப்பில் பாதி அபார்ட்மென்ட் அந்த மஞ்சள் பைக் காட்சியைப் பார்த்து முடித்திருந்தது.