யாரும் தொடாத கிர்ணிப் பழம்

"தெனம் கிர்ணிப் பழம் அறுத்து வெக்கிறேன். யாருமே தொட மாட்டேன்றாங்க. நீங்களாவது சொல்லிப் பாருங்க மேடம்" என்றார் பட்டுத் தறி முதலாளி அருணகிரி.

உணவியல் படித்துவிட்டு இப்போதுதான் ஊட்டச்சத்து ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்திருந்தாள் சரண்யா. ஆரணியில் தறிக்கூடத்துப் பெண்களோடு அவளுக்கு இது முதல் கூட்டம்.

"போன வாரம் இந்த சசிகலா தறியிலயே மயங்கி விழுந்துட்டா. உடம்புல தண்ணியே இல்லன்றார் டாக்டர். இன்னொரு வாட்டி விழுந்தா வேலைக்கு வெச்சிக்க முடியாது. எனக்கும் பயமா இருக்குல்ல?"

சொல்லிவிட்டு அவர் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

நெசவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் தட்டு நிறையப் பழத்துண்டுகள்.

சரண்யா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்தப் பழத்துல பெரும்பகுதி தண்ணிதான். வெயிலுக்கு உடம்பு வறண்டு போகாது. வைட்டமின் ஏ இருக்கு. தறியில உக்கார்றவங்களுக்குக் கண்ணு முக்கியம் இல்லையா? நார்ச்சத்தும் இருக்கு, மலச்சிக்கல் வராது."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு கைகூடத் தட்டுப் பக்கம் நீளவில்லை.

"ஏன்க்கா, பிடிக்காதா?"

"கை பிசுபிசுக்கும் மேடம். பட்டுல கறை பட்டுடும்" என்றாள் கெங்கம்மாள்.

"கழுவிட்டாப் போச்சு. வெளியில குழாய் இருக்கே."

கெங்கம்மாள் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். சரண்யாவுக்கு எரிச்சல் வந்தது. "சசிகலாக்கா, உங்களுக்குத்தான் சொல்றேன். வேலை போனாப் பரவாயில்லையா?"

சசிகலா சிரித்தாள். "நீங்க துன்னுங்க மேடம். ஒரு சொம்பு தண்ணியும் குடிங்க. அப்படியே எங்களோட குந்திகினு இருங்க. அப்புறமா நாங்க துன்றோம்."

"அவ்வளவுதானே?"

சரண்யா தின்றாள். தண்ணீரும் குடித்தாள். தறிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவள் நெளிய ஆரம்பித்தாள். "அக்கா, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

"இங்க ஏது? மொதலாளி வீட்லதான் இருக்கு. நாங்க சாயந்தரம் வீட்டுக்குப் போய்தான்" என்றாள் சசிகலா.

"அவர்கிட்ட கேக்கலாமே?"

"ஆம்பளைகிட்ட இத இன்னான்னு கேக்கறது? அதான் காலைலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்ல."

கெங்கம்மாள் நூலை முடிந்துகொண்டே சொன்னாள்: "பழம் நல்ல பழந்தான் மேடம். நீங்க சொன்ன மாதிரியே வேலை செய்யும். அதான் பேஜாரு."

சரண்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

அருணகிரி திரும்பி வந்தார். "இன்னா மேடம், துன்னாங்களா? ரொம்பப் பிடிவாதம் புடிக்கிறாங்க."

"சார்..." அவள் தயங்கினாள். "உங்க வீட்டு பாத்ரூமுக்குப் போகணும்."

"இதுக்குப் போய் கூச்சப்படுறீங்களே. தாராளமாப் போங்க. கதவு தொறந்துதான் இருக்கு."

சரண்யா எழுந்தாள். அவசரம் அவளை நிற்க விடவில்லை. இருந்தும் தறிக்குப் போய், சசிகலாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"சார் தாராளமாப் போகச் சொல்லிட்டார். நீங்க முதல்ல போய்ட்டு வாங்கக்கா."