இலை தொடாத காகங்கள்

மாடிக் கதவின் இடுக்கு வழியே அவள் பார்த்தாள்.

கைப்பிடிச் சுவரின் மேல் இலை வைத்தது வைத்தபடி இருந்தது. சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், மாமனாருக்குப் பிடித்த உளுந்த வடை.

காகங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஒன்றும் இறங்கவில்லை.

கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கணவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர்கள்கூடச் சேர்ந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

இன்று மாமனாருக்குத் தலைத் திவசம். காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் இலை போட முடியாது.

ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் படுத்தியது.

படுக்கையறையில், துணிக்கூடைக்குள், ஒரு காகம் இருந்தது.

கேபிள் வயரில் சுற்றிக் கிடந்த, பட்டம் விட்ட மாஞ்சா நூல் இறக்கையை அறுத்து, வாசலில் வந்து விழுந்த காகம். அவள் தூக்கிக்கொண்டு உள்ளே போனதைத் தெருக் காகங்கள் அத்தனையும் பார்த்துவிட்டன. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளாமல் அவளால் மாடிக்கு வர முடிந்ததில்லை. மருந்து போடுகிறாள், முட்டை ஊட்டுகிறாள் என்று அவற்றிடம் யார் போய்ச் சொல்வது?

கால்நடை டாக்டர் நேற்றுத்தான் இறக்கைக் கட்டைப் பிரித்தார். இன்னும் கொஞ்ச நாள் கூடையிலேயே இருக்கட்டும், அவசரப்பட்டு விட்டால் விழுந்து செத்துவிடும் என்றார்.

அது இன்னும் கட்டில் உயரத்துக்குக்கூடப் பறக்கவில்லை.

படியில் பகவதி மதினி உட்கார்ந்திருந்தாள். கணவனின் அக்கா. சர்க்கரைக்காரி. சீக்கிரம் சாப்பிட்டுவிடலாம் என்று நம்பி, காலையிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டாள். மாத்திரையை முழுங்கிய தண்ணீரோடு சரி.

இப்போது மதினிக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின.

"ஒரு வாய் சீனியாவது போட்டுக்கோங்க மதினி."

"அப்பா சாப்பிடாம எனக்கு எறங்காது."

அவளுக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. காகங்கள் மேல். மதினி மேல். செத்துப்போன மாமனார் மேல்கூட.

"அத விட்டுரு பிள்ள," என்றாள் மதினி. "ஒரு உசுர அடச்சு வச்சிருக்க வீட்டுல அப்பா எப்படிச் சாப்பிடுவாவ?"

"விட்டா செத்துப்போகும் மதினி."

"இப்ப நானும் போயிருவேன் போல இருக்கு."

மதினி சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

அவள் கீழே போனாள். கூடையைத் திறந்தாள்.

காகம் உள்ளங்கைக்குள் சூடாக இருந்தது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் விரல்களில் தெரிந்தது.

இரண்டு கையும் காகத்தோடு. வாளியை யார் பிடிப்பது?

வெறுந்தலையோடு மாடிக்கு வந்தாள்.

தொட்டியிலிருந்து மொத்தமாக எழுந்தன. முதல் கொத்து உச்சந்தலையில். அடுத்தது காதோரம். கணவன் துண்டை வீசிக்கொண்டு கத்தினான். அவள் காகத்தின் மேல் குனிந்து, குனிந்தபடியே நடந்தாள்.

உயிரோடு இருக்கிறது என்று ஒருமுறை காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அவ்வளவுதான் அவள் நினைத்திருந்தது.

இலைக்குப் பக்கத்தில் சுவர்மேல் வைத்தாள். கையை எடுத்தாள்.

கூச்சல் நின்றது. காகங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குத் திரும்பின.

காகம் இலையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தது. சுவரின் வெளி விளிம்புக்குத் தத்தித் தத்திப் போனது.

அவள் கையை நீட்டினாள். அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

நீட்டினால் குதிக்கும். நீட்டாவிட்டாலும் குதிக்கும்.

கீழே மூன்று மாடி ஆழத்தில் சிமென்ட் ரோடு. மீன்காரரின் வண்டியைச் சுற்றி எப்போதும் நிற்கிற நாய்கள்.

நல்ல இறக்கை முழுதாக விரிந்தது. மற்றது பாதியில் நின்றது.

வேண்டாம், வேண்டாம் என்றாள்.

காகம் குதித்தது.

கணவன் படியில் தடதடவென்று இறங்கித் தெருவுக்கு ஓடினான்.

அவள் சுவரை விட்டுப் பின்னால் வந்துவிட்டாள். நாலு எட்டு வைத்தால் சுவர். எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மதினி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"எட்டிப் பாரு பிள்ள."

"நீங்க பாருங்க மதினி."

மதினியும் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாய் ஒன்று குரைத்தது.

அவள் தொட்டியைப் பார்த்தாள். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தொட்டி மேலிருந்த காகங்கள் அத்தனையும் கழுத்தை நீட்டிக் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பார்த்தபடியே இருந்தன.

பிறகு, ஓரத்தில் இருந்த ஒன்றின் தலை மெல்ல நிமிர்ந்தது.

அதற்கு அடுத்ததன் தலையும்.

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. எதிர் வீட்டு மாடி உயரத்துக்கு. அதற்கும் மேலே.