அணைத்து வைத்த ஹேண்ட்போன்

“செப நேரமாச்சு. ஹேண்ட்போனை ஆஃப் பண்ணி மாதா படத்துக்கிட்ட வைங்க,” என்றாள் மகதலேனா.

‘பீப்’ என்றது. மரப்பலகையில் போன் உட்காரும் சத்தம்.

“பேட்டரியையும் கழற்றிடுங்களேன்.”

“அதான் ஆஃப் பண்ணிட்டேன்லா,” என்றார் கணவர் அம்புரோஸ்.

“ஆஃப்னு அந்த ஸ்கிரீன்தானே சொல்லுது? உள்ள ஓடுற சாஃப்ட்வேர் என்ன செய்யுதுன்னு நம்மால பார்க்க முடியுமா? கம்பெனிக்காரன் பூட்டியில்ல வச்சிருக்கான்.”

அம்புரோஸ் சிரித்தார். “கம்ப்யூட்டர் கிளாஸ் போனதிலேர்ந்து உனக்கு எல்லாத்துலயும் பயம்.”

“எனக்காகவா பயப்படுறேன்? கொலையைப் பார்த்த ஒரே சாட்சி மாரிஸ். வியாழக்கிழமை அவன் உயிரோட கோர்ட்டுக்கு வரணும்.”

“அவன் எங்க இருக்கான்னு நம்ம ரெண்டு பேரையும் அந்த வீட்டுக்காரங்களையும் விட்டா வேற யாருக்கும் தெரியாது. வக்கீல்கிட்டகூட நான் மூச்சு விடல. செபத்தை ஆரம்பி.”

அவர்கள் வீடு இருந்த பிரிக்ஃபீல்ட்ஸைக் கடந்து ஒரு ரயில் போனது. அது ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு மகதலேனா செபத்தைத் தொடங்கினாள்.

“ஆண்டவரே, ஜெஞ்சாரோமில் என் தங்கை சாந்தமேரி வீட்டில் ஒளிந்திருக்கும் மாரிஸை ஒரு தீங்கும் அண்டாமல் காத்தருளும்.”

“ஆமென்,” என்றார் அம்புரோஸ்.

ஆண்டவருக்குக் கேட்டதோ என்னவோ, அணைத்து வைத்த அந்தப் போன் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் காத்திருந்த இருவரிடம் ஊரையும் சாந்தமேரியின் பெயரையும் சொன்னேன்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.