ஊட்டியில் ஒரு கக்கூஸ் கதவு

"ஒரு படத்திலயாவது நான் இருக்கேனா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

புருசன் ஆன்ட்ரூசின் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள் லிஜா.

விடிந்தால் கருங்கல் ஊரில் இருந்து கேரளத்துக் குமரகத்துக்குக் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டி முடித்த கையோடு, பழைய டூர் படங்களில் நல்லதாக நாலைந்து எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம் என்று உட்கார்ந்தவளுக்குத்தான் இந்தக் கதி.

ஊட்டி என்று பார்த்தால் ஒரு கக்கூஸ் கதவு. மூணாறில் ஹோட்டல் படிக்கட்டு. கீழே நின்று ஒன்று, மேலே நின்று ஒன்று. போன வருசத்துக் குமரகத்தில் ஒரு பெஞ்சு, ஒரு சரிவுப் பாதை, மறுபடியும் கக்கூஸ். இந்த முறை உள்பக்கம்.

"மலையை எடுக்க ஆளுண்டு, பூவை எடுக்க ஆளுண்டு. ஊர் ஊராப் போய் கக்கூசை எடுக்க நீங்க ஒருத்தர்தான்."

"வெளிச்சம் நல்லா இருந்துது," என்றான் ஆன்ட்ரூஸ், சட்டையை மடித்தபடி.

"இந்தா, ஓரத்தில ஒரு முழங்கை தெரியுதா? அது நான்தான். பெஞ்சு மறையுதுன்னு என்னைத் தள்ளி நிக்கச் சொன்னிய."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவளுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, தன் போனில் அக்கா இசபெல்லைக் கூப்பிட்டாள்.

இசபெல் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். ஸ்கூட்டரில் இருந்து விழுந்த பிறகு வாக்கர் பிடித்துத்தான் நடை. வீடு, கோயில், ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் போவதில்லை.

லிஜா மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். "போன வருசம் போன அதே ஊரு, அதே லாட்ஜ், அதே கீழ் ரூம். புத்தி உள்ளவங்க யாராவது இப்பிடி புக் பண்ணுவாங்களா அக்கா?"

எங்கும் போகாத அக்காவிடம் டூர் கதை பேசுகிறோமே என்று லிஜாவுக்கு லேசாக உறுத்தியது. வழக்கம்போல் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

"உன்னையும் கூப்பிடணும்னுதான் இருந்துது. உனக்குல்லா கஷ்டம்."

"கஷ்டம் ஒண்ணும் இல்ல மக்கா," என்றாள் இசபெல். "ஊட்டியில அந்தக் கதவு வழியா வாக்கர் நுழையாது. மூணாறில படி கூடுதல். குமரகத்திலதான் பாத்ரூமில கைப்பிடி இருக்கு, கொஞ்சம் நடந்தா இருக்கதுக்கு பெஞ்சும் இருக்கு. நாலு நாளா யோசிச்சு, இப்பதான் நானும் வாறேன்னு ஆன்ட்ரூசுக்கு மெசேஜ் போட்டேன். அவரு பாக்கலியா?"

கட்டிலில் கிடந்த போனைப் பார்த்தாள் லிஜா. பிறகு புருசனைப் பார்த்தாள். அவன் அடுத்த சட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு... இந்தப் படமெல்லாம்... அவரா அனுப்பினாரு?"

"என்ன ஏட்டி, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கே? ஒவ்வொரு படத்துக்கும் கீழ, 'லிஜாதான் உங்களுக்காக எடுக்கச் சொன்னா'ன்னுல்லா எழுதி அனுப்புவாரு."