வாடகைக் கால்கள்

பரிசலிலிருந்து இறங்கிய கோகிலவாணி ஆற்றில் கால் வைத்தாள். கனடாவில் படுத்த படுக்கையாய்க் கிடந்த சென்னியப்பனுக்குப் பாதம் சில்லிட்டது.

"அட, காவேரியேதான்!" என்றார் அவள் காதுக்குள். "பாசி இருக்கும் அம்மிணி, எங்கால் வழுக்கிரப் போவுது!"

தீவின் நடுவே, பனியில் பழைய கோபுரம் மிதந்தது. இந்த ஒரு மணி நேரம் அவள் உடம்பு உணர்வதெல்லாம், ஒட்டிய கருவி வழியே, வாடகைக்கு அவருக்கு. இடையில் சொந்தக் கவலை கலந்தால் வேலை போய்விடும்.

ஈரோட்டில் அவள் கணவனுக்கு அந்நேரம் இதய ஆபரேஷன். நினைக்காதே, நினைக்காதே என்றபடியே பிராகாரம் சுற்றினாள்.

சன்னதியில் கற்பூரம் அசைந்தது.

"அம்மிணி, எனக்கு நெஞ்சை அடைக்குது," என்றார் சென்னியப்பன். "ஆனா எனக்கொரு துக்கமும் இல்லீங்களே?"

அவள் உடைந்தாள். "மன்னிச்சிருங்கய்யா. எங்க வூட்டுக்காரருக்கு இப்ப ஆபரேசனுங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

குருக்கள் தட்டோடு வந்தார். "யார் பேருக்கு அர்ச்சனை?"

சென்னியப்பன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எம்பேரு வேண்டாங்க," என்றது காதுக்குள் குரல். "அவரு பேரைச் சொல்லிப்போட்டுக் கையைக் கூப்புங்க. கும்பிடறது நானு."