பாலத்தடியில் ரேடார்

டேட்டன் நகரத்துப் பட்டறையில், லோர்னாவின் காருக்குள் மல்லாந்து கிடந்த டுவைட், ரேடார் டிடெக்டரின் ஒயரை ஃபியூஸ் பெட்டியில் இணைத்தான்.

“ஒயர் வெளிய தெரியாது மேடம். வேகத்தை அளக்கற ரேடாரோட போலீஸ் எங்க ஒளிஞ்சிருந்தாலும் முன்னாடியே கத்திடும். எவ்வளவு வேகம் போவீங்க?”

“ஐம்பது மைலைத் தாண்டினதில்ல.”

டுவைட் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். “அப்புறம் எதுக்கு இது? சர்ச்சுக்கு லேட்டாகுதா?”

லோர்னா சிரித்து வைத்தாள்.

சனிக்கிழமை மதியமே திரும்பி வந்தாள். ஒயர்தான் கழன்றிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“சூப்பர் மார்க்கெட்ல கதவு தானா திறந்தாக்கூட கத்துது. ஹைவே பாலத்தடியில மட்டும் கத்தவே மாட்டேங்குது. திரும்பத் திரும்பப் போய்ப் பாத்துட்டேன்.”

“கதவுல இருக்கற சின்ன ரேடாருக்கே கத்துதுன்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பாலத்தடியில போலீஸே இல்ல. நிம்மதியா மிதிச்சுட்டுப் போங்க.”

“இன்னொரு தடவை ஒயரைப் பாரேன் டுவைட்,” லோர்னாவின் குரல் கெஞ்சியது. “சனிக்கிழமையானா ரேடாரும் கையுமா அங்கதான் டூட்டின்னு என் வீட்டுக்காரர் சொல்றாரே.”